அப்பா மடியும் என் கால்விரல்களும்

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் முடியப்போகிறது. கல்யாணம் நடந்தது பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். 'உன் கல்யாணத்தில் மறக்க முடியாதது எது?' என்று தோழிகள் கேட்பார்கள். மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். பாவம், என் கணவரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார். ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் முதுகுக்குப் பின்னால் நடந்த ஒரு விஷயம். அதை நான் கண்ணால் பார்க்கக்கூட இல்லை.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவின் இடுப்பு வலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா அரசுத் துறை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீடு அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வாளியை நகர்த்தக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது என்றார்கள். மாத்திரை, பெல்ட், எண்ணெய்த் தேய்ப்பு, மெத்தைக்குப் பதில் பலகை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. வலி கொஞ்ச நாள் வெளியூர் போயிருக்கும். வீட்டு ஞாபகம் வந்தவுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடும்.

போகப்போக வலியைவிட வலி வந்துவிடுமோ என்ற பயம்தான் எங்கள் வீட்டை ஆண்டது. அப்பா தரையில் உட்காருவதை விட்டார். வேகத்தடைகளுக்குப் பயந்து ஆட்டோவில் ஏறுவதை விட்டார். அவர் கையிலிருந்து பேப்பர் நழுவினால் அம்மாவும் நானும் போட்டி போட்டுக்கொண்டு ஓடி எடுப்போம். அவரைத் தொடக்கூட யோசிப்போம். எனக்கு வேலை கிடைத்த அன்று சந்தோஷத்தில் ஓடிப்போய், அவர் முன்னால் சட்டென்று பிரேக் போட்டு நின்று, கைகுலுக்கினேன். அப்பாவுக்கு ஷேக்ஹேண்ட் கொடுத்த மகள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த நிலையில்தான் என் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி, தாலி கட்டும் நேரத்தில் பெண் தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா நெல் பரப்பிய பலகையில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொள்வார். எதிரே மாப்பிள்ளை நின்று தாலியைக் கட்டுவார். ஆல்பத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு மடி வேண்டுமே.

நிச்சயதார்த்தம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அத்தை அந்தப் பேச்சை எடுத்தாள். அதற்கென்ன, பெரியப்பா உட்கார்த்தி வைத்துக்கொள்ளட்டும் என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். பெரியப்பா அப்பாவின் அண்ணன். எழுபது தாண்டியும் தினமும் ஏரியைச் சுற்றி நடக்கிறவர். சாஸ்திரத்தில் அதற்கு இடம் உண்டு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். பிறகு காபியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று அவர் அம்மாவிடம் சொன்னது சமையலறையில் இருந்த எனக்கும் கேட்டது.

"எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் எனக்கு வேணும். அப்புறம் இடுப்பு எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

அப்பா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் கேட்டதே இல்லை.

அடுத்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் புது ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மகளை மடியில் வைத்துக்கொள்வதால் எதுவும் உடைந்துவிடாது, வலிக்கும், அவ்வளவுதான் என்றார். இத்தனை வருடம் அசையாமல் வைத்திருந்ததில் தசைகள் பழக்கம் விட்டுப்போய்விட்டன, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்று சொல்லி, நாள்பட்ட வலிக்காரர்களுக்கென்றே யோகா சொல்லிக்கொடுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. 'பதினைந்தே நாளில் வலி பறந்தது' என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் படிக்காமலே அழிக்கிறவள் நான். அப்பா அதற்கும் மேலே. யோகா என்றதும், "தலைகீழா நிக்கச் சொல்லுவா. நிமிர்ந்து நிக்கவே வழியக் காணும்" என்றார்.

வகுப்பு நடந்தது அல்சூரில் ஒரு கட்டடத்தின் மாடியில். ஜன்னலுக்கு நேரே மெட்ரோ ஓடும். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்ணை எல்லோரும் டீச்சர் என்பார்கள்; அவருக்கு என்னைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், இரண்டும் கலந்து ஒரு பாஷை. வகுப்பில் கழுத்து வலியோடு ஒரு ஐடி ஆசாமி, ஆஸ்டின் டவுனிலிருந்து மூட்டுவலியோடு வரும் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் ஆன்ட்டி, இன்னும் சிலர். அப்பாவைக் காரில் கூட்டிப்போவது என் வேலை என்பதால் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

முதல் நாள் அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்தார்கள். உதட்டை மூடிக்கொண்டு வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்தபடி மூச்சை மெதுவாக வெளியே விடச் சொன்னார்கள். அன்றைக்கு அவ்வளவுதான். வரும் வழியெல்லாம் அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"படுத்துண்டு மூச்சு விடறதைத்தானே நான் ஆத்துலயும் பண்ணிண்டு இருக்கேன்?"

ஆனால் டீச்சர் ஒன்றைக் கவனித்திருந்தார். அப்பா அசையும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். நாற்காலியிலிருந்து எழும்போது, செருப்பு மாட்டும்போது, தும்மல் வரும்போது, எல்லா நேரமும். யாரோ அடிக்கப்போகிறார்கள் என்பதுபோல உடம்பு முழுவதும் இறுகிக் காத்திருக்கிறது.

"வலி வந்தா வரட்டும் சார், அதை நிறுத்த முடியாது. நீங்க மூச்சை மட்டும் நிறுத்தாதீங்க. ஸ்வல்ப நிதானமா வெளிய விடுங்க. அஷ்டே" என்றார் டீச்சர். கன்னடத்தில் 'ஸ்வல்ப' என்றால் 'கொஞ்சம்', 'அஷ்டே' என்றால் 'அவ்வளவுதான்'. எதைச் சொன்னாலும் அந்த அஷ்டேயில்தான் முடிப்பார்.

வலியைப் போக்கிவிடுவேன் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். அதிசயம் என்று எதையாவது சொன்னால்தானே அதில் ஓட்டை போட முடியும்?

அப்புறம் மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. நாலு காலில் நின்று முதுகைப் பூனைபோல வளைப்பது, சுவரில் கை ஊன்றி இடுப்பிலிருந்து குனிவது, நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாய்வது. ஒவ்வொன்றிலும் அந்த வண்டுச் சத்தம் உண்டு. வீட்டிலும் பல் தேய்க்கும்போது, படி இறங்கும்போது அப்பாவிடமிருந்து ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. வீட்டுக்குள் தேன்கூடு கட்டியிருக்கிறது என்று அம்மா கேலி செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் நழுவி விழுந்தது. வழக்கம்போல நானும் அம்மாவும் எழுந்தோம். அப்பா கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். முழங்காலை மடக்கி, 'ம்ம்ம்' என்று மூச்சை விட்டுக்கொண்டே குனிந்து அவரே எடுத்தார். எடுத்துவிட்டு விளையாட்டுச் செய்திப் பக்கத்தைப் புரட்டினார், ஒன்றுமே நடக்காதது போல. அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு டீச்சர் மடிப் பயிற்சிக்கு வந்தார். முதலில் தலையணை. பிறகு ராகி மாவுப் பை. பிறகு அரிசிப் பை, அதைவிடப் பெரிய அரிசிப் பை. முதுகுக்குச் சாய்வில்லாத பலகையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ரீங்காரம் செய்வார். அந்த நாட்களில் நான் ரகசியமாக இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பெண்களும் போட்டோவுக்காக இளைப்பார்கள், நான் அப்பாவின் மடிக்காக. அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "எலும்பும் தோலுமா மணையில ஒக்காரப் போறியா? ஒழுங்கா சாப்பிடுடி" என்று தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள்.

எல்லாம் இவ்வளவு நன்றாகப் போனால் எப்படி? கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, காரணமே இல்லாமல், ஒரு காலையில் வலி திரும்பி வந்தது. பழையபடி. அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பெரியப்பாவுக்குப் போன் செய்தார்.

"அண்ணா, கொழந்தைய நீயே ஒக்காத்திக்கோ. என்னால ஆகாது."

அவ்வளவுதான் பேசினார். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கல்யாணமே வேண்டாம், பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்றுகூட யோசித்தேன். மடியே இல்லாத கல்யாணத்தில் யார் மடி என்ற கேள்வி வராதல்லவா?

டீச்சருக்குப் போன் செய்தேன். அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "இப்ப மூச்சு எங்க சார் இருக்கு?" என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூச்சு இருந்து என்னம்மா பிரயோஜனம்? பண்ணினதெல்லாம் வீணாப் போச்சே."

"வீணாகல சார். இந்த மாதிரி நாள் வரும்னு எனக்குத் தெரியும், சொல்லியும் இருக்கேன். அது வர்ற நாளுக்காகத்தான் இவ்ளோ நாள் ப்ராக்டிஸ் பண்ணோம். இன்னிக்கு முதல் நாள் பாடம். நாற்காலில கால். அஷ்டே."

நானும் அம்மாவும் சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் வைத்து ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா காலை அதன்மேல் தூக்கி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெலிதாக, அறுந்து அறுந்து, அந்த வண்டுச் சத்தம் ஆரம்பித்தது. வலியில் துடிக்கிற ஒரு மனுஷன், வலி இருக்கும்போதே, அதற்கு நடுவில் தனக்கென்று கொஞ்சம் இடம் பண்ணிக்கொள்கிறார். அதை என் கண்முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாளில் எழுந்து நடமாடினார். அரிசிப் பை மறுபடி மடிக்கு வந்தது. பெரியப்பாவிடம் மட்டும் அப்பா பேச்சை மாற்றிச் சொல்லவில்லை. அவரும் தயாராகவே இருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அரிசி போதும், அசல் ஆள் வரட்டும் என்றார். அப்பா பலகையில் உட்கார்ந்தார். வகுப்பில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. சின்னக் குழந்தையாக இருந்தபோது ஏறிய மடி. மெதுவாக உட்கார்ந்தேன்.

டீச்சர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் கால்களைப் பார்த்தார். நான் கால்விரல்களை அழுத்தி ஊன்றிக்கொண்டு, தொடைகளை இறுக்கி, என் பாரம் பாதிகூட அப்பா மேல் விழாமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதை நான் வேண்டுமென்று செய்ததாகக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க உக்காரவே இல்லையே மேடம். சும்மா உக்காந்த மாதிரி நிக்கறீங்க."

"அவருக்கு வலிக்குமே..."

"நீங்க இப்படி ஆடிட்டே இருந்தாதான் ஜாஸ்தி வலிக்கும். அரிசி மூட்டை பாருங்க, எவ்ளோ ஆராமா, நிம்மதியா உக்காருது. அதான் சார் தாங்கறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று எவ்வளவு முயன்றும் என்னால் முழுசாக உட்கார முடியவில்லை. இவ்வளவு வருடம் அப்பாவைத் தொடாமல் தொட்டுப் பழகிய உடம்பு, சொன்னால் கேட்கிறதா? ஒவ்வொரு தடவையும் விரல்கள் தாமாகவே தரையைப் பற்றிக்கொண்டன. திரும்பி வரும்போது அப்பா கார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

கல்யாண நாள் வந்தது. மேடையில் அப்பா நெல் பரப்பிய பலகையில் உட்கார்ந்தார். பெரியப்பா பக்கத்திலேயே, அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பந்துக்காகக் காத்திருக்கும் விக்கெட் கீப்பர் மாதிரி நின்றார். டீச்சர் மூன்றாவது வரிசையில் பட்டுப் புடவையில் இருந்தார். கல்யாணம் செய்துவைக்கும் வாத்தியார், "பொண்ண மடியில ஒக்காத்திக்கோங்கோ" என்றார். பெரியப்பா ஒரு அடி முன்னால் வந்தார். அப்பா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

ஒன்பது கஜப் புடவையும் மாலையுமாக உட்கார்ந்தேன். விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டன.

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தோம். ஒன்றை மறந்துவிட்டோம். தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டுபோயிருந்தார்கள். வழக்கமாக அது முன்னாலேயே முடிந்துவிடும். எங்கள் பக்கத்து உறவும் அவர்கள் பக்கத்து உறவும் சேர்ந்து மண்டபம் நிரம்பியிருந்ததால் தட்டு கடைசி வரிசைகளில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. ஒருவர் தொட்டால் அவர் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுத் தொடச் சொல்கிறார். யாரோ ஒரு மாமி தட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு தாலியின் டிசைனை விசாரிக்கிறாள். வாத்தியார் மைக்கில், "சீக்கிரம் கொண்டு வாங்கோ, முகூர்த்தம் போயிண்டு இருக்கு" என்று கத்துகிறார். மடியில் நான்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. என் தொடைகள் நடுங்க ஆரம்பித்தன. கால்விரல்கள் மரத்துப்போயின. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பொத்தென்று விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. விழுந்தால் அப்பாவின் இடுப்பு என்னாகும்? பெரியப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார்.

அப்போது என் காதருகே அப்பாவின் குரல் கேட்டது.

"குட்டி, கால்ல நிக்காதே. ஒக்காரு."

"வலிக்கறதாப்பா?"

"வலிக்கறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ ஒக்காரு."

எப்படி என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. விரல்கள் விட்டுவிட்டன. என் முழுப் பாரமும், புடவை, மாலை, நகை, அம்மா போட்ட தோசைகள் எல்லாமாக, அப்பாவின் மேல் இறங்கியது. முதுகு அவர் மார்பில் சாய்ந்தது. அவர் ஆடவில்லை. முனகவில்லை. நீளமாக ஒரு மூச்சு வெளியே போனது. கூடவே அந்த ரீங்காரம்.

மண்டபத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்க வழியில்லை. நாதஸ்வரமும் தவிலும் வாத்தியாரின் கத்தலும் சேர்ந்து காது அடைத்தது. எனக்கும் காதில் விழவில்லை. முதுகில் கேட்டது. அவர் நெஞ்சிலிருந்து என் முதுகெலும்பு வழியாக ஏறி, என் பற்கள் வரை அதிர்ந்தது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. நானும் அதே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அப்பா என்னைத் தாங்கிக்கொண்டிருந்தார். வலியில்லாத அப்பா அல்ல, வலியோடு இருக்கும் அதே அப்பா. உலகத்தில் இதைவிடப் பத்திரமான இடம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தட்டு எப்போது வந்தது என்று தெரியாது. கெட்டிமேளம் என்றார்கள். தாலி ஏறியது. நான் அழுததை மாப்பிள்ளையைப் பார்த்த ஆனந்தக் கண்ணீர் என்று ஆல்பம் பார்க்கிற எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

பெரியப்பா கைகொடுத்து அப்பாவைத் தூக்கிவிட்டார். தம்பியின் தோளைத் தட்டப் போனவர், பழைய பழக்கத்தில் கையைப் பாதியிலேயே நிறுத்தினார். அப்பா அந்தக் கையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

கதையில் வருவதுபோல வலி அன்றோடு ஓடிவிடவில்லை. மத்தியானப் பந்தியின்போது அப்பா மணமகள் அறையில் நாற்காலியில் கால் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். சில நாள் சிரமப்பட்டார். இன்றும் வலி இருக்கிறது, வகுப்புக்கும் போகிறார். இப்போதெல்லாம் ஆட்டோவில். நான் பிறந்த வீட்டுக்குப் போகும்போது, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால், "இருக்கு" என்பார், வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல. நான் அவரைக் கட்டிக்கொள்கிறேன், பிரேக் போடாமல்.

யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று கால்விரலில் நின்றே வளர்ந்தவள் நான். இப்போதும் யாராவது என்னைத் தாங்க வந்தால் விரல்கள் தரையைத் தேடத்தான் செய்கின்றன. அப்போதெல்லாம் என் முதுகில் அந்த ரீங்காரம் கேட்கிறது, நான் முழுசாக உட்கார்ந்துகொள்கிறேன்.